வெண்ணெய்க் கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கும் நல்லெண்ணெய்

டேபிள் பட்டர் என்ற பெயரில் விற்கும் வெண்ணெயில் பால் கொழுப்பு 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஈரப்பதம் 16 சதவீதத்தையும் உப்பு 3 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் வகுத்த அளவு இது. பாலில் இல்லாத வேறு எந்தக் கொழுப்பும் அதில் சேரக் கூடாது.

சேர்ந்திருந்தால் கண்ணுக்கோ மூக்குக்கோ தெரியாது. அதனால் கலப்படம் செய்யப் பயன்படும் பொருளுக்குள்ளேயே ஓர் அடையாளத்தை வைக்கச் சொன்னது அரசு. வனஸ்பதியிலும் மார்ஜரினிலும் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. உணவுச் சட்டத்தில் இவ்வளவு கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு அரிது. வெண்ணெயை உருக்கித் தெளியவைத்த கொழுப்பில் அதே அளவு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சில துளி ஃபர்ஃபியூராலும் விட்டு நன்றாகக் குலுக்கி வைத்தால், சிறிது நேரத்தில் அமிலம் அடியில் தனியாகப் பிரியும். அது செந்நிறமாக மாறினால் உள்ளே நல்லெண்ணெய் இருக்கிறது. அதாவது வனஸ்பதியோ மார்ஜரினோ கலந்திருக்கிறது. இதற்குப் பௌடுவான் சோதனை என்று பெயர்.

பாமாயிலை நேரடியாகக் கலந்தால் இது பயன்படாது. அப்போது கைகொடுப்பது ரைகர்ட்-மைசல் எண். பால் கொழுப்பில் மட்டும் கணிசமாக உள்ள பியூட்டிரிக் அமிலம் போன்ற, ஆவியாகும் அமிலங்களை இந்த எண் அளக்கிறது. பாமாயிலில் இது 1-ஐக்கூட எட்டாது என்பதால், கலக்கக் கலக்க எண் இறங்கும். பருத்திக்கொட்டை தின்னும் மாட்டின் பாலிலும் இந்த எண் இயல்பாகவே குறையும். பருத்தி விளையும் பகுதிகளுக்கு விதிகள் தனி அளவு வகுத்தது இதனால்தான். இல்லாவிட்டால் நேர்மையான பால்காரர் அல்லவா குற்றவாளி ஆகியிருப்பார்!

இந்தச் சோதனைகளுக்கான மாதிரியை உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடைவிலை கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். அதை நான்காகப் பிரித்து முத்திரையிடுவார். ஒரு பகுதி உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். 14 நாளில் அறிக்கை வர வேண்டும். இரண்டு பகுதிகள் நியமன அலுவலரின் பாதுகாப்பில் இருக்கும். கடைக்காரர் கேட்டால், மீதமுள்ள பகுதி அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பப்படும்.

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தரம் குறைந்திருந்தால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். மார்ஜரினுக்கு வெண்ணெய் என்று பெயர் போடுவதுபோல் லேபிளில் பொய் சொன்னால் 3 லட்சம் வரை. உடல்நலத்துக்குக் கேடு தரும் கலப்படமானால் சிறையும் உண்டு.

மாதிரியைச் சோதிக்கக் கொடுக்கும் உரிமை அலுவலர்களுக்கு மட்டுமானதல்ல. வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி, யார் வேண்டுமானாலும் தாம் வாங்கிய வெண்ணெயைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம். குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.