கலனுக்கு இரும்புச் சத்து

விழாப் பந்தியின் மிச்சத்தை எரிவாயுக் கலனில் போடும்போது நானோ பொடியும் சேர்க்கவேண்டுமா என்று அன்பர்கள் கேட்கிறார்கள். மீத்தேன் தரும் நுண்ணுயிர்களுக்கு இரும்பு, நிக்கல், கோபால்ட் துளியளவு தேவை. காற்றில்லாக் கலனில் இரும்பு அரிக்கும்போது ஹைட்ரஜன் பிறக்கும்; அதைக் கரியமில வாயுவோடு சேர்த்து அவை மீத்தேனாக்கும். (ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் துருவோடு மல்லுக்கட்டிய எனக்கு இது வேடிக்கைதான்!) அடுப்பை அரிக்கும் ஹைட்ரஜன் சல்பைடையும் இரும்பு பிடித்துக்கொள்ளும். நானோ துகளுக்குப் பரப்பு அதிகம்; வேலை விரைவு. 2016இல் வெளியான எகிப்தியச் சோதனையில், சாணக் கரைசலில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் இரும்பு ஆக்ஸைடு சேர்த்ததில் வாயு ஒன்றரை மடங்குக்கு மேல் வந்தது. ஆனால் துத்தநாக, தாமிர ஆக்ஸைடு நானோ பொடிகள் நுண்ணுயிர்களையே முடக்கிவிடும். எந்த உலோகம், எவ்வளவு என்று சொல்லாத பொடியை வாங்காதீர்கள். சோற்றுக் கழிவில் குறைவாயுள்ள இந்த உலோகங்கள் சாணத்தில் உண்டு. நம் சிறு கலனுக்கு அவ்வப்போது ஒரு வாளி சாணமே போதும் என்பேன்.