நாலரை ஏக்கர் தோட்டமும் ஒரு போத்தல் ஒயினும்

தோட்டத்தில் பிறந்த நம் பிள்ளைகள் பலர் இன்று கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பெரிய ஹோட்டல்களில் வேலை பார்க்கிறார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கையில் மடித்த துண்டு. மேசையில் இருப்பவர் வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொன்னதும், போத்தலைக் கொண்டுவந்து, பெயர்ச்சீட்டைக் காட்டி, தக்கையைத் திருகி எடுத்து, ஒரு வாய் அளவு ஊற்றிவிட்டு ஒதுங்கி நிற்கிறார்கள். அந்தப் போத்தலின் விலை சில நேரம் அவர்களுடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும். "அப்படி என்னதான் அதற்குள் இருக்கிறது?" என்று வீட்டில் கேட்டால், "என்னமோ ஒயினாம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அதற்குள் இருப்பது ஒரு தோட்டம், வாசகர்களே! மண்ணும் மழையும் கூலியும் பூச்சியும் சேர்ந்த ஒரு தோட்டக் கதை. அதைப் புரிந்துகொள்ள நம்மைவிடத் தகுதியானவர்கள் யார் இருக்கிறார்கள்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. சம்பள நாள் இரவே சம்சுவில் கரைந்துபோன காசையும், மறுநாள் அடுப்பெரியாத வீட்டையும் தோட்டத்துப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்த அளவு குடித்தால் தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவே மதுவில் கிடையாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகக் கூறியிருக்கிறது. ஒயினுக்குப் பேர்போன பிரான்சும் இதில் தப்பவில்லை. பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஒயின் கொடுக்கக் கூடாது என்று அங்கே தடை வந்ததே 1956இல்தான்!

ஆனால் ஒரு பொருளை வாயில் வைக்காமலேயே அதைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொள்ளலாம். ஹோட்டல்களில் ஒயினுக்கென்றே படித்துத் தேர்ந்தவர்களுக்குச் 'சொமெலியே' என்று பெயர். எந்த உணவுக்கு எந்த ஒயின் என்று சொல்வது அவர்கள் வேலை. தட்டு தூக்குகிற கைக்கும் அந்த நாற்காலிக்கும் நடுவே இருப்பது கொஞ்சம் அறிவுதான். அதில் ஒரு பிடியை இங்கே பார்ப்போம்.

சுவருக்குள் ஒரு தோட்டம்

பிரான்சின் கிழக்குப் பகுதியில் பர்கண்டி என்றொரு வட்டாரம். டிஜோன் நகரிலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மலைச்சரிவு நீண்டு போகிறது. கிழக்கே பார்த்த சரிவு, காலை வெயில் நேராக விழும். மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல். அங்கே முக்கியமாக இரண்டு ஜாதித் திராட்சைதான். சிவப்பு ஒயினுக்குப் 'பினோ நுவார்', வெள்ளை ஒயினுக்கு 'ஷார்டனே'. செடி ஒன்றுதான், ஆனால் சரிவின் நடுவில் விளைந்தால் ஒரு ருசி, அடிவாரத்தில் நீர் தேங்கும் மண்ணில் விளைந்தால் வேறு ருசி. அதனால் அந்தச் சரிவை ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். 2015இல் யுனெஸ்கோ அந்த நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றுக்கொண்டது.

இப்படிப் பிரித்தறிந்ததில் பெரும்பங்கு துறவிகளுடையது. 1098இல் தொடங்கிய சீத்தோ மடத்துத் துறவிகள் 'குளோ த வூஜோ' என்ற தோட்டத்தை உண்டாக்கிச் சுற்றிலும் கல்சுவர் எழுப்பினார்கள். 1789 பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு மடத்துச் சொத்துகள் பறிமுதலாகி விற்கப்பட்டன. இன்று அந்தச் சுவருக்குள் இருக்கும் சுமார் 125 ஏக்கருக்கு ஏறக்குறைய 80 சொந்தக்காரர்கள். ஆளுக்குச் சில நிரை. நம் ஊர்ப் பால்மரத் தோட்டம் ஒன்றில் ஒரு மண்டோர் பார்க்கும் காட்டளவுகூட இருக்காது!

நிரை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. உலகிலேயே விலை உயர்ந்த ஒயின்களில் ஒன்றின் பெயர் 'லா தாஷ்'. அது விளையும் தோட்டம் வெறும் 15 ஏக்கர். 'தாஷ்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு என்ன பொருள் தெரியுமா? 'ஒப்படைத்த வேலை'! பால்மரக் காட்டில் ஆளுக்கு இத்தனை மரம் என்று பிரித்துக் கொடுப்பதைப் போல, பர்கண்டியிலும் ஒரு தொழிலாளியிடம் குறிப்பிட்ட பரப்பை ஒப்படைத்து, கவாத்து முதல் கொடி கட்டுவது வரை அவர் பொறுப்பில் விட்டு, பரப்புக்கேற்பக் கூலி கொடுக்கும் வழக்கம் உண்டு. அந்தக் கூலிமுறையிலிருந்துதான் தோட்டத்துக்குப் பெயர் வந்தது என்பார்கள். சீமான்கள் மேசையில் பயபக்தியோடு உச்சரிக்கும் பெயர், ஒரு கூலியாளின் அன்றாடச் சொல்.

வேலையும் லேசானதல்ல. குளிர்காலத்தில் விரல் விறைக்கும் பனியில் குனிந்தபடியே ஒவ்வொரு கொடியாகக் கவாத்து செய்ய வேண்டும். வெட்டிய குச்சிகளை, பழைய தகரப் பீப்பாயில் செய்த தள்ளுவண்டியிலேயே போட்டு எரித்துக்கொண்டு நகர்வார்கள். குப்பையும் தீரும், கையும் காயும். அறுவடை முடிந்த அன்று முதலாளியும் தொழிலாளியும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் விருந்துக்குப் 'போலே' என்று பெயர்.

எல்லா இடத்திலும் விருந்து கிடைப்பதில்லை. அதே பிரான்சின் ஷாம்பேன் வட்டாரத்தில் 2023 அறுவடைக்கு அழைத்துவரப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் சுகாதாரமற்ற கட்டடத்தில் அடைக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. 2025இல் நீதிமன்றம் அதை ஆட்கடத்தல் குற்றம் என்று தீர்ப்பளித்து மூவரைத் தண்டித்தது. கலியாண வீட்டில் பொங்கி வழியும் அந்த நுரைக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது.

ஒட்டுக்கட்டிப் பிழைத்த கொடி

இன்று ஐரோப்பாவில் ஒயினே இல்லாமல் போயிருக்க வேண்டியது. 1860களில் தெற்குப் பிரான்சில் கொடிகள் காரணம் தெரியாமல் பட்டுப்போக ஆரம்பித்தன. 1868இல் பிளாங்ஷோன் என்ற தாவர அறிஞர் வேரைத் தோண்டிப் பார்த்தார். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு மஞ்சள் பூச்சி, வேரில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. பெயர் பிலோக்சரா. அமெரிக்காவிலிருந்து வந்த செடிகளோடு கப்பலேறி வந்த பூச்சி அது. 1878இல் பர்கண்டியையும் எட்டியது.

மருந்தடித்தார்கள், வயலில் நீரைக் கட்டி மூழ்கடித்தார்கள். கடைசியில் கைகொடுத்தது எது? ஒட்டுக்கட்டுதல்! அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர் அந்தப் பூச்சியைத் தாங்கும். ஆகவே வேர் அமெரிக்காவுடையது, மேல்கொடி பிரான்சினுடையது. நாற்றுப்பண்ணையில் வேலை செய்த நம் பெரியவர்களுக்கு இதைப் படம் போட்டு விளக்க வேண்டுமா? விதையில் முளைத்த பால்மரக் கன்றின் பட்டையைக் கீறி, நல்ல பால் தரும் மரத்தின் மொட்டை வைத்துக் கட்டியவர்கள் அல்லவா அவர்கள்! ஆனால் பர்கண்டிக்காரர்கள் அமெரிக்க வேர் வந்தால் ருசி கெட்டுவிடும் என்று முறுக்கிக்கொண்டு நின்றார்கள். 1887 வரை அங்கே அதற்கு அனுமதியே இல்லை.

எல்லாரையும்விட நெடுநாள் பிடிவாதமாக நின்றது 'ரோமானே கோன்ட்டி'. மொத்தம் நாலரை ஏக்கர். மண்ணுக்குள் மருந்தைச் செலுத்திச் செலுத்திப் பழைய கொடிகளை 1945 வரை காப்பாற்றினார்கள். அந்த ஆண்டு கிடைத்தது ஏறக்குறைய 600 போத்தல். அதோடு கொடிகளைப் பிடுங்கிவிட்டு ஒட்டுச்செடி நட்டார்கள். அந்த 600இல் ஒரு போத்தல் 2018இல் நியூயார்க் ஏலத்தில் 558,000 அமெரிக்க டாலருக்குப் போனது. இந்த விலையில் ருசிக்கு எவ்வளவு பங்கு இருக்கும் என்பது எனக்குச் சந்தேகமே. இனிமேல் கிடைக்காது என்பதற்குத்தான் அந்தக் காசு.

கிழட்டுச் சேவலும் சிவப்பு ஒயினும்

எந்த உணவுக்கு எது பொருந்தும் என்பதைப் பெரிய வித்தை போலப் பேசுகிறார்கள். அடிப்படை எளிது. ஊரில் விளைந்ததை ஊர்ச் சமையலோடு சாப்பிட்டார்கள், ஒத்துப்போனது நிலைத்தது. பர்கண்டியின் புகழ்பெற்ற உணவான 'கோக் ஓ வென்' என்பது என்ன? முட்டைக்கும் குஞ்சுக்கும் உதவாமல் போன கிழட்டுச் சேவல்! வறுத்தால் பல் இறங்காது. சிவப்பு ஒயினில் ஊறவைத்து, வெங்காயமும் காளானும் போட்டு, மணிக்கணக்கில் சிறுதீயில் வேகவைத்தார்கள். புளிப்பும் நேரமும் சேர்ந்து இறைச்சியை மெதுவாக்கின. ஏழை வீட்டுச் சட்டியிலிருந்து எழுந்த உணவு இன்று வெள்ளித் தட்டில் வருகிறது.

சிவப்பு ஒயின் ஏன் இறைச்சிக்குப் பொருந்துகிறது? தமிழில் இதைச் சொல்ல அருமையான ஒரு சொல் இருக்கிறது: துவர்ப்பு. வாழைப்பூவும் பாக்கும் சாயம் இறங்கிய கட்டித் தேநீரும் நாக்கைப் பிடித்து இழுக்கின்றனவே, அதேதான். திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்பு, எச்சிலின் வழுவழுப்போடு ஒட்டிக்கொண்டு வாயை வறளச் செய்கிறது. கொழுப்பும் இறைச்சியும் சேர்ந்தால் அந்தப் பிடி தளர்கிறது. கொழுப்பின் திகட்டலும் குறைகிறது. தேநீரில் பால் விடுவதும் இதே கணக்குத்தான்.

மீனுக்கு வெள்ளை என்பதற்கும் காரணம் உண்டு. சில சிவப்பு ஒயின்களில் இருக்கும் இரும்புச்சத்து, கடல் உணவோடு சேர்ந்தால் வாயில் கவிச்சி எழுப்புகிறது. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்து சொன்னார்கள். பர்கண்டியின் வடக்கே ஷப்லி என்ற ஊரில் விளையும் வெள்ளை ஒயினைக் கடல் சிப்பியோடு பரிமாறுவது வழக்கம். பொரித்த மீனில் எலுமிச்சம்பழம் பிழிகிறோமே, அந்த வேலையை இங்கே ஒயினின் புளிப்பு செய்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஷப்லி மண்ணிலேயே கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன.

நம் சட்டிக் கறிக்கு?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். விலை உயர்ந்த சிவப்பு ஒயினை ஆட்டுக்கறிப் பிரட்டலோடு வைத்தால் காசு வீண். மிளகாயின் எரிச்சலைச் சாராயச்சத்து தூண்டிவிடும், துவர்ப்பு கசப்பாகத் தெரியும். சிவப்பு ஒயினில் பொதுவாக நூற்றுக்கு 12 முதல் 14 பங்கு சாராயச்சத்து உண்டு. காரத்துக்கு ஏற்றது அது குறைந்ததும், லேசாக இனிப்பதும், நன்றாகக் குளிர்ந்ததும். ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரையில் விளையும் 'ரீஸ்லிங்' அப்படிப்பட்டது. ஆள் நிற்கவே சிரமப்படும் செங்குத்தான கற்சரிவுகளில் கையாலேயே பறிக்கிறார்கள். பெயர்ச்சீட்டில் 'ஸ்பேட்லேசே' என்று இருந்தால், காலம் தாழ்த்திப் பறித்த கனிந்த பழம் என்று பொருள். இனிப்பை மிச்சம் வைத்துச் செய்த வகையில் சாராயச்சத்து நூற்றுக்கு 8, 9 தான் இருக்கும். மீன்தலைக் கறி மேசைக்கு எது பொருத்தம் என்று வெள்ளைக்காரர் ஒருவர் கேட்டால், உங்கள் மகன் தயங்காமல் இதைச் சொல்லலாம்.

சிவப்பு ஒயினைக் குளிரவைக்காமல் பரிமாற வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். அது அவர்கள் ஊர் அறை, 16 முதல் 18 பாகை. நம் ஊர் 30 பாகைச் சூட்டில் அப்படியே ஊற்றினால் சாராய நெடிதான் முந்தும். கால் மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தெடுப்பதில் தப்பேதுமில்லை. திறந்த போத்தலை நாள்கணக்கில் வைத்திருக்கவும் முடியாது. காலையில் இனிக்கும் கள் மாலைக்குள் புளித்துவிடுவதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். ஒயின் அதைவிட மெதுவாகக் காடியாகிறது, அவ்வளவுதான்.

அந்தக் காடிக்கும் நமக்கும் பழைய உறவு இருக்கிறது. ஒயினிலும் பூண்டிலும் இறைச்சியை ஊறவைக்கும் போர்த்துக்கீசியச் சமையல் கோவாவுக்கு வந்தபோது, ஒயினுக்குப் பதில் பனங்கள்ளும் தென்னங்கள்ளும் புளித்த காடியை ஊற்றினார்கள். போர்த்துக்கீசிய மொழியில் 'வின்யா தாலியுஷ்'. அது நம் வாயில் 'விண்டாலு' ஆனது. 1511இல் மலாக்காவைப் பிடித்த அதே போர்த்துக்கீசியரின் வழிவந்தவர்கள் இன்றும் கிறிஸ்துமஸ் நாளில் அங்கே சமைக்கும் 'டெவில் கறி'யிலும் காடி உண்டு. அடுத்த முறை மலாக்கா பக்கம் போனால் அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். ஒயின் தேவையே இல்லை.