கதவுக்குள் பெய்யும் மழை

சென்ற பொங்கல் விழாவன்று சங்க வாசலில் நின்ற சிறிய சிவப்புக் காரைச் சுற்றி நம் அன்பர்கள் பலர் கூடிவிட்டனர். "இது என்ன வண்டி? இத்தனை பழைய காருக்கு உள்ளே மட்டும் எப்படிப் புதுமெருகு?" என்று கேள்விமேல் கேள்வி. அன்று விளக்க நேரமில்லை. "எழுதியே கொடுத்துவிடுங்களேன்" என்றார் இதழாசிரியர். எழுதுகிறேன். ஆனால் காரின் பெருமையை அல்ல. அதன் கதவுகளில் நான் செய்த தவற்றையும், அதைத் திருத்திய விதத்தையும்தான்.

வண்டியின் பெயர் டிரையம்ப் ஸ்பிட்பயர். இருவர் மட்டுமே அமரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரானது. இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற போர் விமானத்தின் பெயரையே இதற்கும் வைத்தார்கள். நமக்கும் இதற்கும் தூரத்து உறவு உண்டு. 1960களில் வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு பலருக்கு நினைவிருக்கும். அதன் மூலமான டிரையம்ப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கி, மாற்றித்தான் ஸ்பிட்பயரை உருவாக்கினார்கள். இரண்டுக்கும் வடிவம் தந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலாட்டி.

என் தந்தை ஹெரால்டு வைத்திருந்தவர். பள்ளி விடுமுறையில் அதைக் கழற்றி மாட்டிய தைரியத்தில்தான் இந்த வேலையை ஏற்றேன். கார் செம்பூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவருடையது. 1960களின் இறுதியில் லண்டனிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்தாராம். இப்போது வயது 80க்கு மேல், கையில் நடுக்கம். "நான் ஓட்டப்போவதில்லை, தம்பி. பக்கத்தில் உட்கார்ந்து மழையில் ஒருமுறை மரீன் டிரைவ் போய்வந்தால் போதும்" என்றார்.

எஞ்சினும் டிங்கர் வேலையும் பெயின்டும் முடிய இரண்டு ஆண்டுகள் ஆயின. கடைசியாகக் கதவின் உட்பலகை. மெக்கானிக்குகள் இதை 'டோர் பேட்' என்பார்கள். வெறும் அலங்காரம்தானே என்று ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்தேன். பழைய பலகையைக் கழற்றியபோது உள்ளே கிழிந்து தொங்கிய ஒரு பழுப்புக் காகிதம் கையோடு வந்தது. என்றோ ஒட்டிய குப்பை என்று எறிந்துவிட்டேன். அதுதான் தவறு.

ஜூலையில் மும்பை மழை பிடித்துக்கொண்டது. நான்கே நாளில் புதுப்பலகை அப்பளம்போல் வளைந்தது. ரெக்ஸின் உரிந்தது. கால்மிதியில் தண்ணீர். கதவின் அடியில் புதுப் பெயின்ட் கொப்புளித்திருந்தது. பெரியவர் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. "அடுத்த மழைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அந்த வயதில் அவர் 'அடுத்த மழை' என்றது என்னை வெகுவாக உறுத்தியது.

பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். கார்க் கதவுக்குள் தண்ணீர் போகத்தான் செய்யும். கண்ணாடி ஏறி இறங்கும் இடைவெளியில் உள்ள ரப்பர், மழையை முழுவதும் தடுப்பதில்லை. உள்ளே இறங்கும் நீர், கதவின் அடியிலுள்ள துளைகள் வழியே வெளியேற வேண்டும். அது பலகைப் பக்கம் வராமல் தடுப்பதுதான் நான் எறிந்த அந்தக் காகிதத்தின் வேலை! இதை அறிந்தபின் இரண்டாம் முறை செய்த விதம் வருமாறு:

முதலில் கழற்றுதல். கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியில் திருகு எதுவும் தெரியாது. ஹெரால்டிலும் அப்படியே. கைப்பிடிக்கும் பலகைக்கும் நடுவே உள்ள வட்டத் தட்டை உள்நோக்கி அழுத்தினால் ஒரு சிறிய பின் தென்படும். மெல்லிய கம்பியால் தட்டினால் வெளியே வரும். தட்டுக்குப் பின்னாலுள்ள சுருள்வில்லைத் தொலைத்துவிடாதீர்கள். பலகையை ஓரத்தில் பிடித்து இழுக்கக் கூடாது. ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்தில் துணி சுற்றிய பட்டைத் தகட்டைச் செருகி நெம்ப வேண்டும்.

அடுத்து, கதவின் அடித்துளைகள். என் வண்டியில் மண்ணும் துருவும் அடைத்திருந்தன. குத்தித் திறந்து, துரு நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்தேன். பூச்சே துளையை அடைத்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். பிறகு கண்ணாடி ஓரமாக ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். அத்தனையும் அடிவழியே தரைக்கு வந்த பிறகே மேற்கொண்டு போனேன். பூட்டும் கண்ணாடியும் ஒழுங்காக இயங்குகின்றனவா என்று பார்த்து கிரீஸ் இடுவதும் இப்போதுதான்.

மூன்றாவது, கனமான பாலித்தீன் தாள். பசை நாடாவால் கதவின் உட்புறம் முழுக்க ஒட்ட வேண்டும். முக்கியமானது அதன் கீழ்விளிம்பு. அதைக் கதவின் உள்ளே செருகிவிட வேண்டும். வெளியே தொங்கவிட்டால் தாளில் வழியும் நீர் நேராகப் பலகையில்தான் விழும்.

நான்காவது, பலகை. 3 மி.மீ. ஹார்டுபோர்டு. பழைய பலகையை அச்சாக வைத்து வரைந்தேன். அது வளைந்திருந்ததால் கிளிப் துளைகளைக் கதவிலேயே அளந்து சரிபார்த்தேன். இருபுறமும், குறிப்பாக ஓரங்களிலும் துளைகளிலும், வார்னிஷ் பூசிக் காயவைத்தேன். ரெக்ஸினைச் சுற்றிலும் ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டி, செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசையை ரெக்ஸினிலும் பலகையிலும் தடவி, கையில் ஒட்டாத பதம் வந்ததும் ஒட்ட வேண்டும். பக்கங்களின் நடுவிலிருந்து தொடங்கி மூலைக்கு வர வேண்டும். மூலையில் சிறு முக்கோணம் வெட்டி எடுத்தால் மடிப்பு தடிக்காது.

கடைசியில் பொருத்துதல். எல்லாக் கிளிப்புகளும் துளைக்கு நேரே நிற்கின்றனவா என்று பார்த்து, ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையால் அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். உட்காராவிட்டால் சுத்தியலைத் தேடாதீர்கள், கிளிப்பை நகர்த்துங்கள். பின் சுருள்வில், வட்டத் தட்டு, கைப்பிடி, பின் என்ற வரிசை. கண்ணாடியை முழுதும் ஏற்றிவைத்து, இரு கைப்பிடிகளும் ஒரே கோணத்தில் நிற்குமாறு மாட்டினால் பார்வைக்கும் அழகு.

மறு ஜூனில் நல்ல மழையில் மரீன் டிரைவ் போய்வந்தோம். வீடு திரும்பியதும் பெரியவர் இறங்கவில்லை. நடுங்கும் கையைப் பலகையின் அடிவரை கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். "காய்ந்திருக்கிறது, தம்பி" என்றார். எனக்கு வேறு கூலி வேண்டியிருக்கவில்லை.

புதிய கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கதவுகளின் அடியிலும் இத்தகைய துளைகள் உண்டு. மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை குனிந்து பாருங்கள். மண் அடைத்திருந்தால் ஒரு குச்சி போதும்.