நிலா நோட்டு



வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரை இன்று கொஞ்சம் கிட்டப் போய்ப் படியுங்கள். தேதியும் கிழமையும் பெரிய எழுத்தில் இருக்கும். அவற்றுக்குக் கீழே பொடி எழுத்தில் ‘பஞ்சமி மாலை 4.12 வரை, பிறகு சஷ்டி’ என்பதுபோல ஒரு வரி இருக்கும். அடுத்து ‘ரோகிணி’ என்றோ ‘மகம்’ என்றோ ஒரு நட்சத்திரத்தின் பெயர். இன்னும் கீழே ‘சந்திராஷ்டமம்’ என்று போட்டு வேறொரு பெயர். இந்த மூன்றுமே நிலாவைப் பற்றியவை.

ஒரே தாளில் அச்சாகியிருந்தாலும் மூன்றும் ஒரே வகைச் செய்தி அல்ல. முதல் இரண்டும் நிலா வானத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்கின்றன. மூன்றாவது, நிலா அங்கே இருப்பதால் யாருக்கு நாள் சரியாக இருக்காது என்று சொல்கிறது. முதல் வகையை வானத்தைப் பார்த்தே சரிபார்த்துவிடலாம். இரண்டாம் வகையையும் சரிபார்க்கலாம். அதற்குப் பொறுமை வேண்டும். இரண்டுக்கும் வேண்டியது 40 பக்க நோட்டு ஒன்றும் பென்சில் ஒன்றும்தான். தொலைநோக்கி தேவையில்லை.

எப்படித் தொடங்குவது?

அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் மாலை, சூரியன் மறைந்ததும் மொட்டை மாடிக்குப் போய் மேற்கே பாருங்கள். மெல்லிய பிறை தெரியும். நோட்டில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வட்டம் வரைந்து, இருட்டாக இருக்கும் பகுதியைப் பென்சிலால் தீட்டுங்கள். பக்கத்தில் தேதி, மணி, திசை, தொடுவானத்திலிருந்து உயரம் ஆகிய நான்கையும் எழுதுங்கள்.

உயரத்தை அளக்கக் கையே போதும். கையை முழுவதும் நீட்டி, விரல்களை மடக்கி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். முஷ்டியின் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. நிலா மூன்று முஷ்டி உயரத்தில் இருந்தால் 30 டிகிரி.

பௌர்ணமி வரை தினமும் அதே இடத்தில், அதே நேரத்தில் பாருங்கள். பிறகு நிலா தாமதமாக உதிக்கும். உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும். கவலை வேண்டாம். தேய்பிறை நிலாவைக் காலையில் பள்ளிக்குப் புறப்படும்போது மேற்கு வானில் பார்க்கலாம். பகலில் நிலா தெரியாது என்று யாராவது சொன்னால் உங்கள் நோட்டைக் காட்டுங்கள்.

முதல் மாலையிலேயே இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். வெளிநாட்டுப் படக்கதைகளில் பிறை நிமிர்ந்து நிற்கும். நம் ஊரில் பல மாதங்களில் அது தோணி மாதிரி படுத்திருக்கும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கி மறைகிறது. பிறைக்கு நேர் கீழே, தொடுவானத்துக்கு அடியில் சூரியன் இருக்கிறது. வெளிச்சம் அடிப்பக்கத்தில் படுவதால் நிலாவின் அடிப்பக்கம் ஒளிர்கிறது. எந்த மாதத்தில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று வரைந்துகொண்டே வாருங்கள்.

இன்னொன்று, பிறை போக மீதி வட்டமும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். அது நம் பூமியின் வெளிச்சம். பூமியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளி நிலாவின் இருட்டுப் பக்கத்தில் விழுகிறது. இதன் காரணத்தைச் சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பே தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தவர் ஓவியர் லியனார்டோ டா வின்சி.

திதியும் நட்சத்திரமும்

நாலைந்து நாள் எழுதியதும் ஒரு கணக்கு புலப்படும். அதே நேரத்தில் பார்த்தாலும் நிலா தினமும் ஒரு முஷ்டிக்குச் சற்று அதிகமாகக் கிழக்கே தள்ளிப் போயிருக்கும். நட்சத்திரங்களுக்கு நடுவே அது ஒரு நாளில் நகரும் தூரம் சுமார் 13 டிகிரி. 27.3 நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். அதனால்தான் அந்தப் பாதையை 27 பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரப் பெயரை வைத்தார்கள். காலண்டரில் ‘ரோகிணி’ என்று போட்டிருக்கும் நாளில் நிலாவுக்குப் பக்கத்தில் செந்நிற நட்சத்திரம் ஒன்று இருக்கும். அதுதான் ரோகிணி. ‘சித்திரை’ நாளில் பக்கத்தில் வெண்ணிற நட்சத்திரம். இரண்டையும் பார்த்தால் நோட்டில் குறியுங்கள்.

சூரியனும் நட்சத்திரங்களுக்கிடையே தினம் ஏறக்குறைய 1 டிகிரி கிழக்கே நகர்கிறது. நிலா 13, சூரியன் 1. இரண்டுக்கும் இடைவெளி தினம் 12 டிகிரி கூடுகிறது. இந்த 12 டிகிரிதான் ஒரு திதி. இடைவெளி சரியாக 60 டிகிரியைத் தொடும் நிமிடத்தில் வளர்பிறைப் பஞ்சமி முடிகிறது. ‘மாலை 4.12 வரை’ என்ற வரிக்குப் பொருள் இதுதான். நிலாவின் பாதை நீள்வட்டம். சில நாள் 3,63,000 கி.மீ. தொலைவில் வேகமாகவும், சில நாள் 4,05,000 கி.மீ. தொலைவில் மெதுவாகவும் போகும். ஆகவே ஒரு திதி சுமார் 20 மணி நேரத்திலும் முடியும். 26 மணி நேரத்தையும் தாண்டும்.

இது தெரிந்தால், பண்டிகையின் பெயரைச் சொன்னதுமே நிலாவின் வடிவம் உங்களுக்குத் தெரிந்துவிடும். விநாயகர் சதுர்த்தி மாலையில் மெல்லிய பிறை. கோகுலாஷ்டமியன்று நிலா நள்ளிரவை ஒட்டித்தான் உதிக்கும். தீபாவளி இரவில் நிலாவே இருக்காது. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. முஸ்லிம் நண்பர்களின் மாதம் பிறை பார்த்துத் தொடங்குவதால் 29 நாளிலோ 30 நாளிலோ முடியும். அப்படிப் பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் 354 நாள்தான். அதனால் ரம்ஜான் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னால் வருகிறது.

பாட்டி வடை சுடும் இடம்

பௌர்ணமியன்று நிலாவில் தெரியும் கறுப்புத் திட்டுகளையும் வரையுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது வடை சுடும் பாட்டி. ஜப்பானில் அரிசி இடிக்கும் முயல். உங்களுக்கு என்ன தெரிகிறதோ அதை வரையலாம்.

மிகப் பெரிய விண்பாறைகள் மோதியதால் நிலாவில் பெரும் பள்ளங்கள் உண்டாயின. அவற்றில் எரிமலைக் குழம்பு பெருகி உறைந்த இடங்களே கறுப்புத் திட்டுகள். பெரும்பாலானவை 300 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. சுற்றியுள்ள வெளிர் நிறப் பகுதி வேறு பாறை. அதன் பெயர் அனார்த்தசைட். அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் இருக்கிறது! அதை அரைத்து, நிலா மண்ணைப் போலத் தயாரித்து, சந்திரயான் கலங்களைச் சோதிக்க இஸ்ரோ பயன்படுத்தியது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலாவின் தென்பகுதியில் இறங்கியது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல். அங்கே சந்திரயான்-3-இன் பிரக்யான் உலாவி அளந்து பார்த்த மண்ணும் பெரும்பாலும் அனார்த்தசைட் வகைதான்.

கடலை இழுக்கிறது, நம்மை?

நிலா பூமியின் கடலை இழுக்கிறது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒட்டிய நாள்களில் சூரியனின் இழுப்பும் அதோடு சேர்வதால் கடல் ஏற்றமும் வற்றமும் அதிகம். சென்னைக் கரையில் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். குஜராத்தில் பவநகர்ப் பக்கம் அது 10 மீட்டர் அளவுக்குப் போகும்.

“நம் உடம்பிலும் தண்ணீர்தானே அதிகம்? அப்படியானால் நிலா நம்மையும் இழுக்குமே?” என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. நிலாவுக்கு அருகில் உள்ள பக்கத்தில் இழுப்பு அதிகம், தள்ளியிருக்கும் பக்கத்தில் குறைவு. இந்த வேறுபாடுதான் கடல் ஏற்ற வற்றமான ஓதத்தை உண்டாக்குகிறது. பூமியின் குறுக்களவு சுமார் 12,700 கி.மீ. என்பதால் வேறுபாடு நன்றாகத் தெரிகிறது. உங்கள் உயரம் ஒன்றரை மீட்டர்கூட இருக்காது. உச்சந்தலைக்கும் உள்ளங்காலுக்கும் இடையே நிலாவின் இழுப்பில் வரும் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். மேட்டூர் அணையின் தண்ணீரே நிலாவுக்காகக் கண்ணுக்குத் தெரிய ஏறி இறங்குவதில்லை. பௌர்ணமியன்று பிரசவம் அதிகம் என்ற பேச்சையும் பல நாடுகளில் மருத்துவமனைப் பதிவேடுகளை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை.

களிமண்ணில் எழுதிய நோட்டு

உலகின் மிக நீளமான நிலா நோட்டுகளில் ஒன்றை எழுதியவர்கள் இன்றைய ஈராக்கில் இருந்த பாபிலோன் நகரத்தார். ஈரக் களிமண் பலகையில் ஆப்பு வடிவ எழுத்துகளை அழுத்தி எழுதினார்கள். நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையது கி.மு. 652-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அங்கிருந்து ஏறக்குறைய 600 ஆண்டுகள், தலைமுறை தலைமுறையாக எழுதியிருக்கிறார்கள். நிலா எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, பார்லி என்ன விலை என்று எல்லாமே அதில் உண்டு. மேகம் மறைத்துப் பார்க்க முடியாத நாளில் பார்க்கவில்லை என்றும் எழுதினார்கள். பலகைகளில் பெரும்பாலானவை இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அந்த ஊரில் வானத்தைப் பார்த்தவர்கள் அதில் அரசருக்கான நன்மை தீமைகளைத் தேடினார்கள். அந்தப் பலன்களால் இன்று யாருக்கும் பயனில்லை. ஆனால் அவர்கள் கண்ணால் பார்த்து எழுதியது பயன்பட்டது, அதுவும் அவர்கள் நினைத்தே பார்க்காத ஒரு வேலைக்கு!

கி.மு. 136 ஏப்ரல் 15 அன்று பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்ததாகப் பலகைகள் சொல்கின்றன. பிரிட்டனின் ரிச்சர்ட் ஸ்டீபன்சன் போன்ற அறிஞர்கள் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பூமி எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றியிருந்தால், நிலாவின் நிழல் அன்று பாபிலோனில் விழுந்திருக்கவே முடியாது. மேற்கே 40 டிகிரிக்கும் அதிகமாகத் தள்ளி விழுந்திருக்க வேண்டும். அப்படியானால் பூமியின் சுழற்சி மெல்ல மெல்லக் குறைந்து வந்திருக்கிறது. ஒரு நாளின் நீளம் நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 2 மில்லி செகண்ட் கூடுகிறது. சின்ன அளவுதான். ஆனால் இரண்டாயிரம் ஆண்டு தினமும் சேர்ந்தால் மூன்று மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம் வந்துவிடுகிறது.

பூமியை இப்படி மெதுவாக்குவதும் முக்கியமாக நிலாதான். கடல் ஓதத்தின் வழியாகச் செய்கிறது. அதே காரணத்தால் நிலாவும் ஆண்டுக்கு 3.8 செ.மீ. நம்மைவிட்டு விலகுகிறது. 1969-இல் அப்பல்லோ 11 வீரர்கள் அங்கே வைத்த எதிரொளிப்பான்மீது லேசர் கதிரை அனுப்பி, அது திரும்பி வர ஆகும் சுமார் இரண்டரை செகண்டை மிகத் துல்லியமாக அளந்து இதைக் கண்டார்கள்.

சந்திராஷ்டமத்தைச் சோதிப்போம்

இப்போது காலண்டரின் மூன்றாவது வரிக்கு வருவோம். உங்கள் பிறந்த ராசியிலிருந்து எட்டாம் ராசியில் நிலா இருக்கும் இரண்டேகால் நாள்தான் சந்திராஷ்டமம். அன்று புதிய வேலை தொடங்க வேண்டாம், வாய்ச்சண்டை வரும் என்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் உங்கள்மேல் உள்ள அக்கறையால் சொல்வது அது. அவர்களோடு வாதாட வேண்டாம், எழுதிப் பாருங்கள்.

முதலில் ஒரு கணக்கு. ராசி பன்னிரண்டு. உங்கள் வகுப்பில் 48 பேர் என்றால், எந்த நாளை எடுத்தாலும் சராசரியாக நாலு பேருக்குச் சந்திராஷ்டமம். தேர்வு நாளில் அந்த நால்வர் மட்டுமா தடுமாறுகிறார்கள்?

அடுத்தது சோதனை. மூன்று மாதம் காலண்டரின் அந்த வரியைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு இரவும் அன்றைய நாளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுங்கள். உங்களுக்கு எந்த நாள்களில் சந்திராஷ்டமம் என்பதை ஒரு நண்பர் தனித் தாளில் குறித்து வைத்திருக்கட்டும். கடைசி நாளில்தான் இரண்டையும் ஒப்பிட வேண்டும். முன்பே தெரிந்துவிட்டால், கால் தடுக்கியது மட்டும் நினைவில் நிற்கும். சந்திராஷ்டமத்தன்று கபடியில் ஜெயித்தது மறந்துவிடும். மூன்று மாதத்தில் ஏழு நாள் போலத்தான் கிடைக்கும். ஆகவே ஒருவர் செய்வதைவிடப் பத்துப் பேர் சேர்ந்து செய்தால் முடிவை அதிகம் நம்பலாம்.

நிலா நம் நாளைக் கெடுக்கும் என்பதற்கு அறிவியலில் இதுவரை ஆதாரம் இல்லை. ஆனால் என் சொல்லையும் அப்படியே ஏற்காதீர்கள். உங்கள் பத்துப் பேரின் கணக்கு சொல்லட்டும். நினைத்ததற்கு மாறாக வந்தாலும் ஒரு எண்ணைக்கூட அழித்து மாற்றாதீர்கள்.

நோட்டு முடிந்ததும் அட்டையில் உங்கள் பெயரோடு ஊரின் பெயரையும் ஆண்டையும் மறக்காமல் எழுதுங்கள். ஊரும் நாளும் இல்லாதிருந்தால் அந்தக் களிமண் பலகையை வைத்து யாரும் எதையும் கணக்கிட்டிருக்க முடியாது.