ஆறு போல்ட்டும் மூன்று சென்டும்

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம் சிமெண்டால் பெயர் வாங்கிய ஊர். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் வேறு. இங்கே அரசு சிமெண்ட் ஆலை 1970-ல் வந்தது. 1976-ல் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம், அதாவது டான்செம், உருவானபோது ஆலை அதன் கைக்குப் போனது. கூரைக்குப் போடும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டையும் அந்தக் கழகம் இதே ஊரில் தயாரித்தது. அரை நூற்றாண்டாக ஊர் உலகத்துக்கெல்லாம் வீடு கட்டச் சரக்கு அனுப்பிய இடம் இது. ஆனால் இங்கிருந்து வெம்பக்கோட்டை, சிவகாசி வரை பட்டாசு வேலைக்கும் தீப்பெட்டி வேலைக்கும் போகிற குடும்பங்கள் பல இன்னமும் ஒற்றை அறையில்தான் இருக்கின்றன. நாலு சுவர், மேலே ஷீட், வெளியே அடுப்பு.

உலகம் இப்போது சிறிய வீட்டைப் பற்றி நிறையப் பேசுகிறது. 2008-ல் வந்த வீட்டுக்கடன் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் இந்தப் பேச்சு சூடு பிடித்தது. தவணை கட்ட முடியாமல் வீட்டை இழந்தவர்கள், இனிக் கடனே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள், ஓய்வுக்காலப் பணம் போதாத முதியவர்கள் எனப் பலர் டிரெய்லர் மேல் கட்டிய குட்டி வீட்டுக்கும் படுக்கை போட்ட வேனுக்கும் குடிபோனார்கள். அந்த நாட்டு மாதிரிக் கட்டட விதி, 400 சதுர அடிக்கு மேற்போகாத வீட்டைச் சிறு வீடு என்கிறது.

அதன் பக்கத்தில் நம் கணக்கை வைத்துப் பாருங்கள். இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்து வீடு 20 சதுர மீட்டர், ஏறக்குறைய 215 சதுர அடி. பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி. 2011-ல் வந்த பசுமை வீடு 300. இப்போதைய கலைஞர் கனவு இல்லம் 360. அங்கே ஒருவர் விரும்பிச் சுருக்கிக்கொள்கிற அளவுதான் இங்கே குடிசையிலிருந்து ஏறி வரும் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அரசு தருகிற அளவு. எளிமையாக வாழுங்கள் என்று இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் சிறிய இடத்தில் மரியாதையோடு வாழ என்னென்ன வேண்டும் என்று கேட்பதுதான் நம் வேலை.

இந்தக் கேள்வியை ஒரு தமிழ் இளைஞர் கேட்டிருக்கிறார். நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அருண் பிரபு. சென்னை, மும்பைக் குடிசைப் பகுதிகளைச் சுற்றி ஆராய்ந்தவர். லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய வீடுகளில்கூடக் கழிப்பறைக்கும் படுக்கைக்கும் முறையான இடமில்லை என்பது அவர் கண்ணில் பட்டது. 2019-ல் ஒரு பஜாஜ் ஆட்டோவின் மேல் வீடு கட்டினார். பெயர் ‘சோலோ .01’. அளவு 36 சதுர அடி, செலவு சுமார் 1 லட்சம் ரூபாய், வேலை ஏறக்குறைய 5 மாதம். பழைய கட்டடங்களிலும் வண்டிகளிலும் கழித்துப் போட்ட பொருள்களையே பெரிதும் பயன்படுத்தினார்.

ஆறுக்கு ஆறடி இடம். அதற்குள் சமைக்க ஒரு மேடை, உட்கார ஓர் இடம், தூங்க ஒரு தட்டு, குளிக்கத் தொட்டி, கழிப்பறை. ஏணி ஏறினால் மேலே நிழலில் ஒரு நாற்காலி. 600 வாட் சோலார் பலகை, 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. மொத்த வீடும் ஆறு போல்ட்டில் ஆட்டோவோடு நிற்கிறது. போல்ட்டைக் கழற்றினால் வண்டி தனி, வீடு தனி. 2021 பிப்ரவரியில் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா இதைப் பாராட்டி, பொலிரோ பிக்கப் மேல் இதைவிடப் பெரிதாக ஒன்றை வடிவமைத்துத் தர முடியுமா என்று ட்விட்டரில் கேட்டார். அதன் பிறகு நாடு முழுக்க இந்த ஆட்டோ வீட்டின் படம் பரவியது.

படம் பார்த்தவர்கள் சக்கரத்தைத்தான் கொண்டாடினார்கள். என்னைக் கவர்ந்தது கழிப்பறை. 36 சதுர அடி கிடைத்தால் நம்மில் எத்தனை பேர் அதிலிருந்து கழிப்பறைக்கு இடம் எடுப்போம்? கட்டிலுக்கும் பீரோவுக்கும் ஒதுக்கிவிட்டு, மிச்சமிருந்தால் பார்க்கலாம் என்போம். குடிசைப் பகுதிகளை நேரில் பார்த்துவிட்டு வந்த ஒருவர் அந்த வரிசையை மாற்றிப் போட்டிருக்கிறார்.

சக்கரத்தின் பக்கம் சிக்கல்களும் உண்டு. 250 லிட்டர் தண்ணீர் என்றால் 250 கிலோ. ஏறக்குறைய நான்கு பெரியவர்களின் எடை. டிரைவரும் மூன்று பயணிகளும் போவதற்கென்று செய்த ஆட்டோ, தொட்டியை நிரப்பினாலே தன் சுமையை எட்டிவிடும். வீட்டின் எடை அதற்கு மேல். ஆகவே போய் நிற்கிற இடத்தில் தண்ணீர் பிடித்தாக வேண்டும். விருதுநகர் மாவட்டத்தில் கோடையில் ஒரு குடம் தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது என்பதை இந்தப் பக்கத்துப் பெண்களிடம் கேட்டால் தெரியும்.

சட்டமும் இடம் கொடுப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் தயாரிப்பாளர் குறிப்பிட்டபடி இருக்கும் விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. படுக்கை, அடுப்பு வைத்த கேரவன் வண்டிகளுக்கென்று தனி வகையும் தரச் சான்று நடைமுறையும் இருக்கின்றன. ஆனால் பழைய வேனை வாங்கி, ஊர் வெல்டிங் பட்டறையில் கொடுத்து, வீடாக மாற்றி ஓட்ட நினைக்கிற சாமானியருக்கு அந்தக் கதவு எளிதில் திறக்காது. இந்தப் பாதையில் இறங்குகிறவர்கள் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

வண்டியில் வாழ்வது தமிழருக்குப் புதிதும் இல்லை. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும், ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டிகளைப் பாருங்கள். ஒரு லாரியில் ரிக், இன்னொன்றில் ராடுகளும் சாமான்களும். ஆட்கள் மாதக்கணக்கில் வெளி மாநிலங்களில் சுற்றுகிறார்கள். லாரிதான் சமையலறை, லாரிதான் படுக்கை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் கிடை போட ஊர் ஊராக ஆடு ஓட்டிப் போகிறபோது, குட்டிகளை அடைக்கும் கூட்டையும் சட்டி பானையையும் சேர்த்தே கொண்டு போகிறார்கள். பிழைப்பு நகர்வதால் இவர்கள் நகர்கிறார்கள். இவர்களுக்கு வண்டியில் நல்ல படுக்கை, மறைவான கழிப்பிடம், ராத்திரி வெளிச்சம் செய்து கொடுத்தால் அதுவே பெரிய காரியம். ‘சோலோ .01’ போன்ற வடிவமைப்பு உண்மையில் போய்ச் சேர வேண்டிய இடம் அந்த லாரிகள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓர் ஊரில் நிலைத்து வேலை செய்கிறவருக்குச் சக்கரத்தைவிடக் கதவு எண் முக்கியம். ஒரே நாடு ஒரே ரேஷன் வந்த பிறகு அரிசியை எங்கும் வாங்கலாம், ஆனால் குடும்ப அட்டை எடுக்க முகவரி வேண்டும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரம் கிடைக்க, மீட்டர் மாட்டச் சுவர் வேண்டும். கேஸ், வாக்காளர் அட்டை, பிள்ளையின் பள்ளிக்கூடச் சேர்க்கை எல்லாமே அந்த முகவரியைத்தான் கேட்கின்றன.

கதவு எண்ணுக்கு முன்னால் பட்டா. கிராமத்தில் வீடில்லாதவருக்கு அரசு தரும் இலவச மனை மூன்று சென்ட் வரை. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 360 சதுர அடி வீடு ஒரு சென்டைக்கூட முழுக்க அடைக்காது. மிச்சம் இரண்டு சென்ட் வீட்டுக்கு வெளியே கிடக்கிறது. சிறிய வீட்டில் வாழ்க்கை நடப்பதே அந்த வெளியில்தான். மத்தியானம் ஷீட் கொதிக்கிறபோது பாயை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போவதும், தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டுவதும், பாட்டி கால் நீட்டி உட்காருவதும் அங்கேதான். ஆகவே திட்டப் படத்தில் வீட்டை மட்டும் வரைவது பாதி வேலை. மரம் எந்தப் பக்கம், திண்ணை எந்தப் பக்கம், குளித்த தண்ணீர் எங்கே போகும் என்பதையும் சேர்த்து வரைய வேண்டும்.

சிறிய வீடு என்றால் செலவும் அதே விகிதத்தில் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிக் குறைவதில்லை. 18-க்கு 20 அடியில் 360 சதுர அடி வீடு கட்டினால் சுற்றுச்சுவர் 76 அடி. பரப்பை இரட்டிப்பாக்கி 24-க்கு 30 என்று கட்டினாலும் சுவர் 108 அடிதான். தலைவாசல் கதவு, கழிப்பறை, அடுப்பு மேடை, மீட்டர் பெட்டி இரண்டுக்கும் ஒன்றே. அதனால் சதுர அடிக் கணக்கில் சிறிய வீடுதான் அதிகம் கேட்கும். இந்தக் கரிசல் பூமியில் அஸ்திவாரம் வேறு. மழையில் உப்பி, வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கிற மண் அது. அதைத் தோண்டிக் கெட்டித் தரை பார்த்துக் கல் வைக்காவிட்டால் இரண்டாம் வருஷமே சுவரில் விரிசல் ஓடும். கனவு இல்லத்துக்கு அரசு தருவது மூன்றரை லட்சம் ரூபாய். அதில் தரைக்குக் கீழே புதைந்து போகிற பங்கு கரிசல் ஊர்களில் கூடுதல் என்பதைத் திட்டம் தீட்டுகிறவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

மிச்சம் பிடிக்கிற வழிகளும் உண்டு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பிரபலப்படுத்திய எலிப்பொறிக் கட்டு முறையில், செங்கலைக் குத்துவாக்கில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுகிறார்கள். செங்கல் ஏறக்குறைய கால்வாசி மிச்சமாகும். அந்த வெற்றிடமே வெயிலையும் தடுக்கும். தளம் போடும்போது கான்கிரீட்டின் அடிப்பகுதியில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்தால் சிமெண்டும் எடையும் குறையும், உள்ளே சூடும் குறையும். நம் கொத்தனார்களுக்கு இது கடினமான வேலை இல்லை. பழக்கம்தான் வேண்டும்.

சூட்டைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பெரிய வீட்டில் ஓர் அறை கொதித்தால் இன்னோர் அறைக்குப் போகலாம். ஒற்றை அறை வீட்டில் கூரைதான் வானிலை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வெயிலை அப்படியே கீழே இறக்கும். ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார், எந்த வகையாக இருந்தாலும் அதன் தூசி புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய ஷீட்டைக் கழற்றும்போது உடைக்காமல், நனைத்து, முழுசாக இறக்க வேண்டும். அறுப்பதும் ஓட்டை போடுவதும்தான் அதிக ஆபத்து. கான்கிரீட் தளமோ பகலெல்லாம் சூட்டை வாங்கி ராத்திரியில் இறக்கும். அந்தக் காலத்து மொட்டைமாடிகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, மேலே தட்டோடு பதித்தார்கள். அதற்குக் காசில்லாவிட்டால் வருஷத்துக்கு ஒரு தடவை, பங்குனியில், மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே உள்ளே வித்தியாசம் தெரியும். பழைய கன்டெய்னரை வாங்கி வீடாக்கலாம் என்று தூத்துக்குடிப் பக்கம் விசாரிக்கிறவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். 20 அடிக் கன்டெய்னர் 160 சதுர அடி இரும்பு. உள்ளே வெப்பத்தடுப்பும் மேலே தனியாக ஒரு நிழற்கூரையும் இல்லாமல் அதில் சித்திரை மாதம் யாரும் குடியிருக்க முடியாது.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு விஷயம், வீட்டுக்குள் நடக்கிற வேலை. பட்டாசு ஆலையில் ஓர் அறைக்குள் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கு விதி இருக்கிறது. நான்கு பேருக்கு மேல் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். ஆனால் திருட்டுத்தனமாக வீட்டில் மருந்து வைத்துப் பட்டாசு செய்கிற இடங்களில், அடுப்பும் மருந்தும் தூங்குகிற குழந்தையும் ஒரே அறையில் இருக்கின்றன. அது சட்டவிரோதம். அப்படிச் செய்யப் போய் வீட்டோடு போன குடும்பங்களின் செய்தியை இந்தப் பக்கம் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். வேலைக்கென்று தனி இடம் இல்லாத வீட்டில் ஆபத்துக்கு ஒதுங்கி நிற்க இடமில்லை. பெட்டி ஒட்டுவது, காகிதக் குழாய் சுருட்டுவது போன்ற மருந்து தொடாத வேலைகளுக்காவது ஊருக்கு ஒரு பொதுக்கூடம், காற்றோட்டத்தோடும் கழிப்பறையோடும், கட்டித் தரலாம். அப்போது 360 சதுர அடியும் குடும்பத்துக்கே மிஞ்சும்.

எந்தக் கிராமத்துக்குள் நடந்தாலும் தளம் போட்ட சிறிய வீடுகளின் தலையில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். சில கம்பிகளின் நுனியில் காலி பாட்டிலைக் கவிழ்த்திருப்பார்கள். மகன் கல்யாணத்துக்கு மேலே ஓர் அறை எடுக்கலாம் என்று விட்டுவைத்த கம்பி அது. நம் மக்கள் சிறிய வீட்டை முடிந்த வீடாக நினைப்பதில்லை, தொடங்கிய வீடாகவே நினைக்கிறார்கள்.

இந்த எண்ணத்தை மதித்த திட்டங்கள் நடந்திருக்கின்றன. 1977-ல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் சிறு மனை பிரித்து, தண்ணீரும் சாக்கடையும் சாலையும் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டை மக்கள் தங்கள் வசதிப்படி கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டார்கள். கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியரான பால்கிருஷ்ண தோஷி, இந்தூரின் ஆரண்யா குடியிருப்பில் இதையே பெரிய அளவில் செய்தார். முதலில் கழிப்பறையும் சமையலிடமும் ஓர் அறையும், பிறகு குடும்பம் வளர வளர வீடும் வளரும்.

கனவு இல்லத்தின் மாதிரிப் படத்தில் இதற்கு வழி செய்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. மேலே ஓர் அறை தாங்குகிற அஸ்திவாரம், அளவாக விட்ட கம்பி, பின்னால் மாடிப்படி வைக்க நாலடி இடம், கரிசல் ஊர்களுக்குத் தரைக்குக் கீழான வேலைக்கென்று தனித் தொகை. விருதுநகர் மாவட்டத்திலிருந்தே இதைத் தொடங்கலாம். சிமெண்டும் இங்கேதான் இருக்கிறது, கொத்தனாரும் இங்கேதான் இருக்கிறார்.