பாங்காக் போகிறீர்களா? வண்டி ஏறும் முன் ஒரு நிமிடம்!



நம் ஊரிலிருந்து தாய்லாந்துக்குக் குடும்பத்தோடு சுற்றுலா போவது இப்போது சகஜமாகிவிட்டது. அங்கே எதைப் பார்க்கலாம், என்ன வாங்கலாம் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எதில் ஏறலாம், எதில் ஏறக்கூடாது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. என் பெரிய நாத்தனார் பல வருடங்களாக பாங்காக்கில் குடியிருக்கிறார். மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகளோடு அவர் வீட்டில் பத்து நாள் தங்கி வந்தேன். அவர் சொல்லிக் கொடுத்ததையும், நான் கண்ணால் பார்த்ததையும் எழுதுகிறேன்.

முதலில் டாக்ஸி. சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கியதும் 'டாக்ஸி வேணுமா' என்று பக்கத்தில் வந்து கேட்பவர்களோடு போகாதீர்கள். டாக்ஸி வரிசையில் மெஷினில் ஒரு சீட்டு வரும். அதில் உள்ள விவரம் ஏதாவது பொருளை மறந்து வைத்துவிட்டாலும், தகராறு என்றாலும் உதவும். இறங்கும் வரை பத்திரமாக வைத்திருங்கள். மீட்டர் 35 பாட்டில் ஆரம்பிக்கும். விமான நிலையத்தில் ஏறினால் கூடுதல் கட்டணம் உண்டு, சுங்கச் சாலைப் பணமும் நாம்தான் கொடுக்க வேண்டும். இதை ஏமாற்று என்று நினைத்துச் சண்டை போட வேண்டாம். ஊருக்குள் ஏறும்போது 'மீட்டர்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள். மாட்டேன் என்றால் அடுத்த வண்டியைப் பாருங்கள். கிராப் ஆப்பில் கூப்பிட்டால் கட்டணமும் வண்டி நம்பரும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பின் சீட்டில் பெல்ட் போடுவது நமக்குப் பழக்கமில்லை. அங்கே 2017-லிருந்து எல்லா சீட்டுக்கும் கட்டாயம். சில டாக்ஸிகளில் பெல்ட் மெத்தைக்கு அடியில் போயிருக்கும். வெட்கப்படாமல் இழுத்து எடுத்து, முதலில் பிள்ளைகளுக்குப் போட்டுவிடுங்கள்.

டுக்-டுக் நம் ஆட்டோ மாதிரிதான். மீட்டர் கிடையாது, பேசிவிட்டு ஏறணும். பக்கவாட்டில் திறந்திருப்பதால் பிள்ளைகளை நடுவில் உட்கார வையுங்கள். கைப்பையை வெளிப்பக்கம் மாட்டாதீர்கள். அரண்மனை வாசலில், 'இன்னைக்கு அரண்மனை மூடியாச்சு, வேற கோயில் காட்டுறேன், இருபது பாட் போதும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது நகைக் கடைக்கோ துணிக் கடைக்கோ கூட்டிப் போகும் தந்திரம். நேராக டிக்கெட் கவுண்டருக்கே போய்க் கேளுங்கள்.

ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிய மோட்டார் பைக் டாக்ஸிக்காரர்கள் தெரு முனைகளில் நிற்பார்கள். அவசரத்துக்கு வசதிதான். ஆனால் அந்த நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பெரும்பகுதி இரு சக்கர வண்டியில் போனவர்கள்தான். புடவை, துப்பட்டாவோடு ஏறவே வேண்டாம். போயே ஆகணும் என்றால் ஹெல்மெட் கேட்டு வாங்கி, பட்டையை மாட்டிக்கொண்டு உட்காருங்கள். கடற்கரை ஊர்களில் பைக் வாடகைக்குக் கிடைக்கும். மோட்டார் சைக்கிளுக்கும் செல்லுகிற சர்வதேச டிரைவிங் பர்மிட் இல்லாமல் ஓட்டி விபத்தானால், பயணக் காப்பீடு பெரும்பாலும் பணம் தராது. வாடகைக்கு ஈடாகப் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவே கூடாது.

ரோடு கிராஸ் பண்ணுவது தனிப் பாடம். நம்மைப் போல அங்கேயும் வண்டிகள் இடது பக்கம்தான் போகும், அது ஒரு நிம்மதி. ஆனால் கோடு போட்ட இடத்தில் வண்டி நிற்கும் என்று நம்பி இறங்காதீர்கள். 2022 ஜனவரியில் பாங்காக்கில், கோடு போட்ட இடத்திலேயே நடந்துபோன ஒரு பெண் டாக்டர் பைக் மோதி இறந்து போனார். சிலோம் சாலையில் நம் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. மாமியாருக்கு அங்கே போக ரொம்ப ஆசை. முட்டி வலிக்கிற மனுஷியை அவசரப்படுத்தாமல், சிக்னல் விழும் வரை நின்று கூட்டிப் போனோம். பெரியவர்களோடு போனால் மேலே ஓடும் ரயில்தான் சுகம். 1999-லிருந்து ஓடுகிறது. நெரிசலும் இல்லை, பேரமும் இல்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. ஒருநாள் வேன் எடுத்து பட்டாயா போய்விட்டு ராத்திரி திரும்பினோம். டிரைவர் விடியற்காலையிலிருந்து எங்களோடுதான் இருந்தார். முன் சீட்டில் என் கணவர் தூங்கிவிட்டார். நடு சீட்டிலிருந்த எனக்குக் கண்ணாடியில் டிரைவரின் கண்கள் தெரிந்தன. சொக்கிச் சொக்கி விழுந்தன. பாஷை தெரியாது. 'தூங்காதே' என்று எப்படிச் சொல்வது? என் பையன் தோளைத் தட்டிக் காட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, 'டாய்லெட், டாய்லெட்' என்று சத்தமாகச் சொன்னேன். அடுத்த பெட்ரோல் பங்கில் நிறுத்தினார். காபி வாங்கிக் கொடுத்து, அரை மணி நேரம் தூங்கச் சொல்லி ஜாடை காட்டினோம். 'நேரமாகுதே' என்று முணுமுணுத்த மாமியார், விஷயம் தெரிந்ததும் டிரைவருக்குத் தன் பிஸ்கட் பாக்கெட்டையே கொடுத்துவிட்டார்.

2017 ஜனவரியில் சோன்புரியில் ஒரு வேனும் பிக்கப் வண்டியும் மோதி 25 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் வேனில் 13 சீட்டுக்கு மேல் கூடாது என்று கண்டிப்பு வந்தது. ஆகவே வேன் பேசும்போதே, ராத்திரிக்குள் திரும்புகிற மாதிரி நேரம் வையுங்கள். முன் சீட்டில் உட்காருபவர் தூங்கக் கூடாது. வேகம் போனால் 'சா சா' என்று சொல்லுங்கள், மெதுவாக என்று அர்த்தம். ஏப்ரல் 13 முதல் வரும் சோங்க்ரான் புத்தாண்டிலும், ஜனவரி புத்தாண்டிலும் அங்கே விபத்துகள் அதிகம். அந்த நாட்களில் நீண்ட தூர சாலைப் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது.

தீவுகளுக்குப் படகில் போகிறவர்கள் லைஃப் ஜாக்கெட்டைக் கையில் வைத்திருந்தால் போதாது, மாட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு அவர்கள் அளவில் கேளுங்கள், தொளதொளவென்று இருந்தால் பிரயோஜனமில்லை. 2018 ஜூலையில் புக்கெட் அருகே புயலில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 47 பேர் இறந்தார்கள். புக்கெட் பக்கம் மே முதல் அக்டோபர் வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும். கொடுத்த பணம் போனாலும் பரவாயில்லை, அலை பெரிதாக இருந்தால் ஏறாதீர்கள்.

அவசரத்துக்கு மூன்று நம்பர்கள்: சுற்றுலாப் போலீஸ் 1155, போலீஸ் 191, ஆம்புலன்ஸ் 1669. தங்கும் இடத்தின் பெயரைத் தாய் எழுத்தில் எழுதி வாங்கி, ஒவ்வொருவர் பையிலும் ஒன்று வையுங்கள். நான் பிள்ளைகளின் சட்டைப் பையில் இந்தச் சீட்டோடு அத்தையின் போன் நம்பரையும் வைத்தேன்.

கடைசியாக ஒன்று. வெளிநாட்டில் வாயைத் திறக்க நமக்குக் கூச்சம். 'ஆம்பளைங்க பார்த்துப்பாங்க' என்று இருந்துவிடுகிறோம். பின்னால் உட்கார்ந்து பிள்ளைகளைப் பிடித்திருக்கும் நம் கண்ணுக்குத்தான் பல விஷயங்கள் முதலில் படும். பட்டதும் சொல்லிவிடுங்கள், பாஷை தெரியாவிட்டால் ஜாடையிலாவது!

- ஒரு வாசகி, திண்டுக்கல்.