அச்சுத்தாளும் மின்னணுக் கையொப்பமும்

ஓர் ஆவணத்துக்கு உயிரளிப்பது கையொப்பமே என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். சோழர் காலத்துக் கல்வெட்டு ஆவணங்களில், எழுதிக் கொடுத்தவரும் சாட்சிகளும் 'இவை என் எழுத்து' என்று முடித்திருத்தலைக் காணலாம். இன்றோ ஸ்ரீரங்கம் வட்டத்து விவசாயி இ-சேவை மையத்தில் பெறும் வருமானச் சான்றில் மையினால் இட்ட ஒப்பம் இல்லை; ரப்பர் முத்திரையும் இல்லை. "இத்தாள் செல்லுமா?" என்று அவர் ஐயுறுவது இயல்பே.

செல்லும். 17-10-2000 முதல் நடைமுறையிலுள்ள தகவல் தொழில்நுட்பச் சட்டம், மின்னணுக் கையொப்பத்துக்குக் கையால் இட்ட ஒப்பத்தின் மதிப்பை வழங்கியுள்ளது.

அது எவ்வாறு அமைகிறது? சான்றிலுள்ள எழுத்துகள் அனைத்தையும் கொண்டு கணினி ஒரு நீண்ட எண்ணைக் கணக்கிடுகிறது. அவ்வெண்ணை அதிகாரி தம்மிடமுள்ள இரகசியத் திறவுகோலால் பூட்டுகிறார். அதனோடு இணைந்த பொதுத் திறவுகோலால் யாவரும் அதனைச் சோதிக்கலாம். சான்றில் ஓர் எழுத்து மாறினாலும் கணக்கு ஒவ்வாது, மோசடி வெளிப்பட்டுவிடும்.

ஆயின் ஒன்றை மறத்தலாகாது. இக்கையொப்பம் இருப்பது கணினிக் கோப்பில். அச்சிட்ட தாளில் அன்று. தாள் கோப்பின் நிழலே. வீட்டுக் கணினியும் அச்சுப்பொறியும் உள்ள ஒருவன், பட்டா நகலில் 0.40 ஹெக்டேரை 1.40 என்று மாற்றி அச்சிட இயலும். தாளைக் கண்ணால் பார்த்து இதனை அறிய முடியாது.

ஆகவே, நிலம் வாங்குவோரும் குத்தகைக்கு எடுப்போரும் பட்டா நகலில் அச்சிட்டுள்ள குறிப்பு எண்ணை அரசு இணையதளத்தில் இட்டுப் பார்த்தல் வேண்டும். கைப்பேசியால் சதுரக் குறியீட்டைப் படித்தும் பார்க்கலாம். அப்போது திறக்கும் தளத்தின் பெயர் 'டிஎன்.கவ்.இன்' என முடிகிறதா என்பதைக் கவனிக்க. தளம் திறந்ததோடு நின்றுவிடாமல் பெயர், புல எண், பரப்பு ஆகிய மூன்றையும் தாளோடு ஒப்பிடுக. முத்திரை கேட்டு ஒருவரைத் திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் அலைய விடுவதைவிட இச்சோதனை எளிது, உறுதியானதும் ஆகும்.

ஊராட்சிப் பொறுப்பினர் கருத வேண்டுவது மற்றொன்று. இ-கிராம ஸ்வராஜ் வழியாக நிதிக்குழு மானியத்தைச் செலவிட இருவருடைய மின்னணுக் கையொப்பங்கள் தேவை. அவற்றுக்குரிய விரலளவுச் சாதனத்தையும் கடவு எண்ணையும் வசதி கருதிப் பிறரிடம் ஒப்படைப்பது, வெற்றுக் காசோலையில் ஒப்பமிட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும். திறவுகோலைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது உரியவரின் கடமையென்று அச்சட்டத்தின் 42-ஆம் பிரிவு கூறுகிறது. அது பிறர் கைக்குச் சென்றதாக ஐயம் எழுந்தால், சான்று வழங்கிய நிறுவனத்துக்கு உடனே தெரிவித்தல் வேண்டும்.

தாளை நம்பும் முன் எண்ணைச் சோதிப்பீர். திறவுகோலை எவருக்கும் இரவல் தராதீர். இவ்விரண்டும் நம் கிராமங்களில் நிலத்துக்கும் பொதுப்பணத்துக்கும் நல்ல காவலாகும்.